நிரலில் அறிவியல் குறியீட்டு எண்களைச் சரியாக அச்சிட: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கழிவுநீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், அல்லது காட்பாடியில் படித்துக்கொண்டே புராஜெக்டுக்காக அந்த அளவீடுகளை நிரலில் ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிவுநீரில் மொத்தக் குரோமியத்துக்கான வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம். குரோமியத்தின் அணுநிறை 51.996. மோல் கணக்குக்கு மாற்றினால் லிட்டருக்கு 0.00003846 மோல். வகுப்பில் பழகிய ‘%.2எஃப்’ போட்டு அச்சிட்டால் திரையில் 0.00 வரும். இலக்கம் சொல்லாமல் வெறும் ‘%எஃப்’ போட்டால் 0.000038. குடிநீருக்கு இந்தியத் தரம் 10500 சொல்லும் வரம்பு 0.05 மில்லிகிராம், அதையும் மோலாக்கி ‘%எஃப்’ போட்டால் 0.000001 என்று வரும். உண்மை மதிப்பு 0.0000009616. கணக்கு சரி, அச்சிட்ட விதம்தான் தவறு. படிப்பவருக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இதைத் தவிர்க்கத்தான் அறிவியல் குறியீடு. கட்டளை என்னவோ ஒரே எழுத்துதான். ஆனால் எத்தனை இலக்கம், எந்த மொழி, அடுத்து யார் கைக்குப் போகிறது என்ற மூன்றையும் தீர்மானிக்காமல் அந்த எழுத்தைத் தட்டினால், பிழை வேறு இடத்துக்கு நகருமே தவிரப் போகாது.

படிக்கும் முன் ஓர் ஏற்பாடு. கட்டளைகளில் வரும் ஆங்கில எழுத்துகளை ‘இ’, ‘எஃப்’, ‘ஜி’ என்று ஒலிப்படியே எழுதியிருக்கிறேன். கணினியில் அந்தந்த ஆங்கிலச் சிற்றெழுத்தைத் தட்டுங்கள். பேரெழுத்து வேண்டிய இடத்தில் ‘பெரிய இ’ என்று சொல்லியிருக்கிறேன். 3.846இ-05 என்றால் 3.846 × 10⁻⁵. புள்ளியோடு வருவது முன்பகுதி, ‘இ’க்குப் பின் வருவது அடுக்கு.

1. உட்காரும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

நான்கு ஆவணங்கள். ஒன்று, முடிவைக் கேட்பவர் தந்த படிவம்: ஆய்வக அறிக்கை மாதிரி, கல்லூரி ரெக்கார்டு மாதிரி, ஆய்விதழின் எழுத்தாளர் குறிப்பு, எதுவானாலும். அதில் அலகு என்ன, எத்தனை இலக்கம், ‘× 10’ வடிவமா ‘இ’ வடிவமா என்பது இருக்கும். இரண்டு, கருவியின் கையேடோ அளவுத்திருத்தத் தாளோ. கருவி எத்தனை இலக்கம் வரை நம்பத்தக்கது, எவ்வளவுக்குக் கீழே போனால் அதனால் கண்டறிய முடியாது என்ற இரண்டு தகவல்களும் அதிலிருந்துதான் வர வேண்டும். மூன்று, உங்கள் வெளியீட்டை உள்வாங்கப்போகும் அடுத்த மென்பொருளின் மாதிரிக் கோப்பில் நான்கைந்து வரிகள். நான்கு, உங்கள் மொழியின் பதிப்பு எண். பழைய கம்பைலரும் புதிய கம்பைலரும் ஒரே கட்டளைக்கு வேறுவேறு வடிவம் தரும் இடம் கீழே வருகிறது.

செலவு இல்லை. ஜிசிசி, பைதான், ஆர், ஓப்பன் ஜேடிகே, லிப்ரே ஆபிஸ் எல்லாம் இலவசம். எக்செல் இல்லையென்று இதற்காக வாங்க வேண்டாம். நேரக் கணக்கு: படிவத்தைப் படித்து இலக்கத்தைத் தீர்மானிக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், கட்டளை எழுதப் பத்து நிமிடம், சோதனைக்கு அரை மணி. பெரும்பாலோர் முதல் ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டுப் பத்து நிமிட வேலையோடு எழுந்துவிடுகிறார்கள். அறிக்கை திரும்பி வரும்போது ஒரு வாரம் போகிறது.

2. எத்தனை இலக்கம் என்பதைக் கருவியிடம் கேளுங்கள், கணினியிடம் கேட்காதீர்கள்

‘%இ’ என்று மட்டும் எழுதினால் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வரும். அது மொழியை வடிவமைத்தவர்கள் வைத்த இயல்புநிலை. உங்கள் கருவி மூன்று முக்கிய எண்ணுருக்களுக்கு மேல் தராது என்றால், மீதி நான்கும் வெற்று இலக்கங்கள். அவற்றை அச்சிடுவது இல்லாத துல்லியத்தை இருப்பதாகச் சொல்வதற்குச் சமம். கழிவுநீர் அறிக்கையில் அது சிறு குற்றம் அல்ல. வரம்புக்குச் சற்று மேலா கீழா என்ற முடிவு அந்தக் கடைசி இலக்கத்தில்தான் இருக்கும்.

எண்ணும் முறையை மனத்தில் நிறுத்துங்கள். ‘இ’ வடிவத்தில் நீங்கள் கொடுக்கும் எண், புள்ளிக்குப் பின் வரும் இலக்கங்களை மட்டும் குறிக்கும். புள்ளிக்கு முன் எப்போதும் ஓர் இலக்கம் உண்டு. ஆகவே நான்கு முக்கிய எண்ணுருக்கள் வேண்டுமென்றால் ‘.3இ’, மூன்று வேண்டுமென்றால் ‘.2இ’. ‘ஜி’ வடிவத்தில் கொடுக்கும் எண்ணோ முழு முக்கிய எண்ணுருக்களையும் குறிக்கும். ‘.4ஜி’யும் ‘.3இ’யும் ஒரே துல்லியம். இந்த ஒன்று குறைவு, ஒன்று அதிகம் குழப்பம்தான் புதியவர்களின் தாளில் அதிகம் காணப்படும் பிழை.

‘ஜி’யில் இன்னொரு பொறி. சி, பைதான் இரண்டிலும் அது புள்ளிக்குப் பின் வரும் கடைசிச் சுழிகளைத் தூக்கி எறியும், அடுக்கு சிறியதானால் ‘இ’ வடிவத்தையே விட்டுவிடும். 1.500 × 10³ என்று நான்கு இலக்கத்துக்கு அளந்திருந்தாலும் 1500 என்றுதான் வரும். பின்னால் உள்ள இரண்டு சுழிகளும் அளந்தவையா, இடத்தை நிரப்புபவையா என்று படிப்பவருக்குத் தெரியாது. சுழி தங்க வேண்டுமென்றால் # குறியைச் சேர்க்கலாம். அதைவிட, அறிக்கைக்கு ‘இ’யே போதும், ‘ஜி’ வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. ‘ஜி’ திரையில் ஒரு பார்வை பார்க்க மட்டும்.

வேறொரு நிரல் திரும்பப் படித்து அதே மதிப்பை அச்சுப் பிசகாமல் பெற வேண்டுமென்றால் விதி வேறு. டபுள் வகைக்கு 17 முக்கிய எண்ணுருக்கள், அதாவது ‘.16இ’. ஒற்றைத் துல்லிய ஃப்ளோட்டுக்கு 9, அதாவது ‘.8இ’. மனிதருக்கு ஒரு கோப்பு, இயந்திரத்துக்கு ஒரு கோப்பு என்று இரண்டாகவே எழுதிவிடுங்கள். ஒன்றை வைத்தே இரண்டையும் சமாளிக்கப் பார்த்தால் இரண்டும் கெடும்.

கருவியின் கண்டறியும் எல்லைக்குக் கீழே உள்ள அளவீட்டை 0.000இ+00 என்று அச்சிடாதீர்கள். குரோமியம் இல்லவே இல்லை என்று அது சொல்கிறது. ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதி, எல்லை எவ்வளவு என்பதையும் பக்கத்தில் போடுங்கள். நிரலில் இதற்கு ஒரு நிபந்தனை வரி போதும்.

3. மொழிவாரியாகக் கட்டளையும் அதன் குணமும்

சி. ‘பிரிண்ட்எஃப்’புக்குள் ‘%.3இ’. நம் மதிப்பு 3.846இ-05 என்று வரும். அடுக்கு குறைந்தது இரண்டு இலக்கமாக வரும் என்பது மொழியின் விதி. ஆனால் விண்டோஸில் 2015க்கு முந்தைய விஷுவல் ஸ்டுடியோவில் தொகுத்த நிரல் 3.846இ-005 என்று மூன்று இலக்கம் போடும். ஆய்வகத்தின் பழைய கணினியில் ஓடும் நிரலையும் உங்கள் மடிக்கணினியில் ஓடும் நிரலையும் ஒப்பிட்டால் ஒவ்வொரு வரியும் மாறியிருப்பதாகத் தெரியும். நெடுவரிசையின் அகலத்தை ‘%12.3இ’ என்று தாராளமாக வையுங்கள். குறி, அடுக்கின் மூன்றாம் இலக்கம் எல்லாம் அதற்குள் அடங்கும்.

சி++. ‘சயின்டிஃபிக்’, ‘செட்பிரிசிஷன்’ இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் அவை ஒட்டிக்கொள்ளும். அடுத்து அச்சிடும் எல்லாத் தசம எண்களும் அதே வடிவில்தான் வரும். பழையபடி மாற்ற ‘டிஃபால்ட்ஃப்ளோட்’. அகலத்துக்கான ‘செட்டபிள்யூ’ மட்டும் ஒரே ஒரு தடவைக்குத்தான் செல்லும், ஒவ்வொரு எண்ணுக்கு முன்னும் திரும்ப எழுத வேண்டும். எதுவும் கொடுக்காமல் ‘சிஅவுட்’டில் 12,34,567 மதிப்புள்ள ஒரு டபுளை அனுப்பினால் 1.23457இ+06 என்று வரும். கேட்காமலே வரும் இந்த வடிவம் கடைசி இலக்கத்தை விழுங்கிவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

பைதான். எஃப்-ஸ்ட்ரிங்கில் மதிப்புக்குப் பின் ‘:.3இ’. சிக்கல் நீங்கள் எதுவும் சொல்லாதபோதுதான்: 0.0001 அப்படியே வரும், 0.00001 என்பது 1இ-05 ஆகும். மேல்பக்கம் 10¹⁶ முதல் குறியீட்டுக்கு மாறும். ஆகவே ஒரே பட்டியலில் பாதி ஒரு வடிவம், பாதி இன்னொரு வடிவம். ‘டெசிமல்’ வகையைப் பயன்படுத்தினால் அடுக்குக்கு முன் சுழி நிரப்பாது, 1.23இ+03க்குப் பதில் 1.23இ+3 வரும். பைதானின் கணித நூலகமான நம்பையின் வரிசைகளில் மிகப் பெரியதும் மிகச் சிறியதும் கலந்திருந்தால் முழு வரிசையும் குறியீட்டுக்கு மாறிவிடும். ‘செட் பிரிண்ட் ஆப்ஷன்ஸ்’ஸில் ‘சப்ரெஸ்’ கொடுத்தால் நிற்கும். அது திரையைத்தான் மாற்றுகிறது, உள்ளே உள்ள எண்ணை அல்ல.

ஜாவா. ‘ஸ்ட்ரிங் ஃபார்மேட்’டில் ‘%.3இ’. முழு எண் மாறியைக் கொடுத்தால் நிரல் பிழையோடு நிற்கும், முதலில் டபுளாக்குங்கள். ‘ஜி’ இங்கே சி-யைப் போலக் கடைசிச் சுழிகளை நீக்காது. ஒன்றும் சொல்லாமல் டபுளைச் சரமாக்கினால் ஒரு கோடி, அதாவது 10⁷, எட்டியதுமே 1.0இ7 ஆகிவிடும் (அந்த இ பெரிய இ). கோடிகளில் பணக்கணக்கு போடும் நிரலில் இது அடிக்கடி அதிர்ச்சி தரும்.

ஜாவா, சி ஷார்ப் இரண்டுக்கும் ஒரு பொதுவான எச்சரிக்கை உண்டு. கணினியின் வட்டார அமைப்பைப் பார்த்துத் தசமப் புள்ளியை அவை மாற்றும். தோல் பதனிடும் இயந்திரத்தோடு இத்தாலியிலிருந்து வந்த கணினியில் அந்நாட்டு அமைப்பே இருந்தால் 3.846 என்பது 3,846 ஆகும். நம் ஊரில் அதை மூவாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு என்றுதான் படிப்பார்கள். ஜாவாவில் ‘லொகேல் ரூட்’, சி ஷார்ப்பில் ‘இன்வேரியன்ட் கல்ச்சர்’ என்று கட்டளையிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். கோப்பில் எழுதும் ஒவ்வொரு இடத்திலும்.

சி ஷார்ப். ‘பெரிய இ 3’ கொடுத்தால் அடுக்கு எப்போதும் குறைந்தது மூன்று இலக்கமாக வரும்: 3.846இ-005 (இதுவும் பெரிய இ). இரண்டு போதுமென்றால் வடிவத்தை 0.000இ+00 என்று படம் வரைந்தாற்போல் கொடுக்க வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட். ‘டூ எக்ஸ்பொனென்ஷியல்’ 3. அடுக்கில் சுழி நிரப்பாது: 3.846இ-5. இயல்பாக 10²¹ முதலும் 10⁻⁶க்குக் கீழும் குறியீட்டுக்கு மாறும். இங்கே ஒரு மோசமான பொறி உண்டு. ‘பார்ஸ் இன்ட்’ எண்ணை முதலில் சரமாக்கிப் பிறகு படிக்கும். கழிவுநீர் வரம்பான 0.00003846ஐக் கொடுத்தால் 0 தரும், அது சரி. குடிநீர் வரம்பான 0.0000009616ஐக் கொடுத்தால் 9 தரும்! சரம் 9.616இ-7 ஆகி, புள்ளியோடு படிப்பது நின்றுவிடுவதுதான் காரணம். தசமத்தை நீக்க ‘மேத் டிரங்க்’ பயன்படுத்துங்கள்.

ஆர். எந்த வடிவம் குறுகலோ அதைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் இதற்கு. 1,23,456 அப்படியே வரும். சரியாக ஒரு லட்சம் என்றால் 1இ+05 என்று வரும், ஏனெனில் ஆறு எழுத்தைவிட ஐந்து எழுத்து குறைவு. மாதிரி எண் 99999க்கு அடுத்தது கோப்பின் பெயரில் 1இ+05 ஆகிவிடுவது இதனால்தான். ‘ஆப்ஷன்ஸ்’ஸில் ‘சைபென்’ 999 கொடுத்தால் நிற்கும். வேண்டுமென்றே குறியீடு வேண்டிய இடத்தில் ‘ஃபார்மேட் சி’, வடிவம் ‘இ’, ‘டிஜிட்ஸ்’ 3. இந்த ‘டிஜிட்ஸ்’ புள்ளிக்குப் பின்னுள்ளவை. ஆனால் சாதாரண ‘ஃபார்மேட்’டில் உள்ள ‘டிஜிட்ஸ்’ முக்கிய எண்ணுருக்கள்.

ஃபோர்ட்ரான். ஆய்வுக்குழுக்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘இ12.4’ என்றால் முன்பகுதி 0.3846 என்று சுழியில் தொடங்கும். நமக்கு வேண்டியது ‘இஎஸ்12.4’. அகலம், தசம இலக்கங்களைவிட 7 கூடுதலாக இருக்கட்டும். இடம் போதாவிட்டால் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறிகளை வரிசையாகப் போட்டுவிடும்.

பாதியில் நிற்கும் மதிப்புகளை முழுமைப்படுத்துவதிலும் மொழிகள் ஒத்துப்போவதில்லை. 1.25ஐ ‘.1இ’யில் அச்சிட்டால் பைதான் 1.2 என்கிறது, ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 1.3 என்கின்றன. மூன்றும் தத்தம் விதிப்படி சரியே. இரண்டு மொழிகளின் வெளியீட்டை ஒப்பிடும்போது கடைசி இலக்கத்தில் ஒன்று வித்தியாசப்பட்டால் உடனே கணக்கைச் சந்தேகிக்க வேண்டாம்.

4. அடுக்கை நீங்களே கணக்குப் போட்டுப் பிரிக்காதீர்கள்

மடக்கை எடு, கீழ்நோக்கி முழுமையாக்கு, பத்தின் அடுக்கால் வகு: வகுப்பில் சொல்லித்தரும் இந்த வழி பார்க்க அழகாக இருக்கும். நம்பாதீர்கள். பைதானில் 1000க்கு அடிமானம் 10 கொடுத்து ‘லாக்’ எடுத்தால் 3 வராது, 2.9999999999999996 வரும். கீழ்நோக்கி முழுமையாக்கினால் 2. முன்பகுதி 10.000 ஆகி, 10.000 × 10² என்று தாளில் ஏறும். பூஜ்யத்துக்கு மடக்கையே கிடையாது, நிரல் நிற்கும். குறை எண்ணுக்கும் அதே கதை.

இன்னொன்று கண்ணுக்கு எளிதில் படாது. 9.9996ஐ மூன்று தசமத்துக்கு முழுமைப்படுத்தினால் முன்பகுதி 10.000 ஆகும். உடனே அடுக்கில் ஒன்றைக் கூட்டி 1.000இ+01 ஆக்க வேண்டும். மொழியோடு வரும் கட்டளை இதைச் செய்யும், கையால் எழுதிய நிரல் பெரும்பாலும் செய்யாது. முன்பகுதியும் அடுக்கும் தனித்தனியாக வேண்டுமென்றால், முதலில் ‘.3இ’யில் சரமாக்கி, அந்தச் சரத்தை ‘இ’ இருக்கும் இடத்தில் வெட்டுங்கள். வேகம் குறையும்தான். அறிக்கை அச்சிடும் வேலையில் அந்த வேகம் யாருக்கும் தேவையில்லை.

5. லட்சமும் கோடியும் மூன்றின் மடங்கில் உட்காரா

பொறியியல் குறியீடு என்பது அடுக்கு எப்போதும் மூன்றின் மடங்காக இருக்கும் வடிவம்: கிலோ, மெகா, மில்லி, மைக்ரோவோடு பொருந்துவதற்காக. ஜாவாவின் ‘டெசிமல் ஃபார்மேட்’டிலும் எக்செலிலும் ##0.0இ0 போன்ற வடிவம் (அந்த இ பெரிய இ; எக்செலில் ‘இ’க்குப் பின் + குறியும் சேர்த்து), பைதானின் ‘டெசிமல்’ வகையில் ‘டூ எஞ்சினியரிங் ஸ்ட்ரிங்’, ஃபோர்ட்ரானில் ‘இஎன்’ இதைத் தரும். சி-யில் நேரடிக் கட்டளை இல்லை.

நம் லட்சம் 10⁵, கோடி 10⁷. இரண்டுமே மூன்றின் மடங்கு அல்ல. இது வெறும் கணக்குச் சங்கதியாக நிற்காது. வேலூரின் மருத்துவ ஆய்வகங்களில் இரத்தத் தட்டணு எண்ணிக்கையைப் பேச்சில் ‘ஒன்றரை லட்சம்’ என்பார்கள். கருவி அதையே 150 × 10³ என்று காட்டும், ஒரு மைக்ரோலிட்டருக்கு. வெளிநாட்டு இதழுக்கு அனுப்பினால் 150 × 10⁹, ஒரு லிட்டருக்கு. லட்சத்தில் எழுதும் படிவத்தில் 1.5. நான்கும் ஒரே இரத்தம். நெடுவரிசைத் தலைப்பில் அலகை எழுதாமல் எண்ணை மட்டும் நகலெடுத்தால் 1.5 என்பது ஆயிரத்து ஐந்நூறாகப் படிக்கப்படும், அது உயிருக்கு ஆபத்தான எண்ணிக்கை. ஆகவே நிரலுக்குள் ஒரே அலகு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் அச்சிடும் வரியில் மட்டும் நடக்கட்டும், அலகு எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சாகட்டும்.

1,50,000 என்று கமாவோடு வந்த உள்ளீட்டைப் பைதானின் ‘ஃப்ளோட்’ ஏற்காது. கமாக்களை நீக்கிவிட்டு மாற்றுங்கள்.

6. கோப்பில் எழுதும்போது

அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம்பையின் ‘சேவ் டெக்ஸ்ட்’ ஒன்றும் சொல்லாவிட்டால் ‘%.18இ’ பயன்படுத்தும். ஓர் எண்ணுக்கு 24 எழுத்து, பிரிகுறி ஒன்று, ஆக 25 பைட்டு. பத்து லட்சம் எண்களுக்கு இரண்டரைக் கோடி பைட்டு, சுமார் 25 எம்பி. ‘%.16இ’ என்றால் 23 எம்பி. மதிப்பு எதுவும் இழக்காது. ‘%.3இ’ என்றால் 10 எம்பி. இரும வடிவில் 8 எம்பி. நாள் முழுக்க அளவெடுக்கும் உணரிக்கு இது மின்னஞ்சலில் போகுமா போகாதா என்ற வேறுபாடு.

எழுதிய கோப்பை வரிசைப்படுத்தும்போது லினக்ஸின் ‘சார்ட்’ கட்டளையில் ‘-என்’ கொடுக்காதீர்கள். அது ‘இ’யைக் கண்டதும் நின்றுவிடும். 9.616இ-07 என்பதை 9.616 என்றும் 3.846இ-05 என்பதை 3.846 என்றும் எடுத்துக்கொண்டு, சிறியதைப் பெரியது என்று வைக்கும். ‘-ஜி’ கொடுங்கள்.

அமைப்புக் கோப்புகளில் கவனம். யாம்ல் கோப்புகளைப் படிக்கும் பைதான் நூலகமான பை-யாம்ல் 1இ-5 என்பதை எண்ணாக ஏற்காது, சரமாகப் படிக்கும். 1.0இ-5 என்று புள்ளியோடும், நேர் அடுக்கானால் 1.0இ+5 என்று + குறியோடும் எழுதுங்கள். ஜேசனில் 1இ5 செல்லும்; .5இ3 செல்லாது, புள்ளிக்கு முன் இலக்கம் வேண்டும்.

ஃபோர்ட்ரானிலிருந்து வரும் கோப்புகளில் இரண்டு விநோதங்கள். இரட்டைத் துல்லியத்துக்கு ‘இ’க்குப் பதில் ‘டி’ (டபுளின் முதல் எழுத்து) போட்டிருக்கும்: 9.461டி+15. ஒளியாண்டு மீட்டரில் இவ்வளவு. வானியல் கோப்பு வகையான ஃபிட்ஸின் தலைப்பிலும் ‘டி’க்கு அனுமதி உண்டு, ஆகவே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துத் தரவு போன்றவற்றைத் தொடுபவர்கள் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். பைதானின் ‘ஃப்ளோட்’ இதைப் படிக்காது. ‘டி’யை ‘இ’யாக மாற்றிக் கொடுங்கள், அல்லது ஃபிட்ஸுக்கென்று உள்ள நூலகத்தால் படியுங்கள். இரண்டாவது, அடுக்கு மூன்று இலக்கமானால் ஃபோர்ட்ரான் எழுத்தையே விட்டுவிடும்: 0.1235-103. படிக்கும் நிரல் பிழை கொடுத்தால் அதிர்ஷ்டம்; சி-யின் ‘ஸ்கேன்எஃப்’ 0.1235 வரை படித்துவிட்டு மீதியை அடுத்த எண்ணாக எடுத்துக்கொள்ளும். எழுதும் பக்கத்திலேயே ‘இஎஸ்14.4இ3’ என்று அடுக்குக்கு மூன்று இடம் ஒதுக்குவதுதான் தீர்வு.

ஒற்றைத் துல்லியத்தின் உச்சம் ஏறக்குறைய 3.4இ+38. சூரியனின் நிறை 1.989இ+30 கிலோகிராம் அதற்குள் அடங்கும். இரண்டு விண்மீன்களின் நிறையைப் பெருக்கினால் அடங்காது, ‘இன்ஃப்’ என்று அச்சாகும். வடிவத்தை எவ்வளவு திருத்தினாலும் அது சரியாகாது. மாறியை டபுளாக்க வேண்டும்.

7. எக்செல் தொட்டால்

பொது வடிவத்தில் உள்ள கட்டத்தில் 11 இலக்கத்துக்கு மேல் போனால் எக்செல் தானாகக் குறியீட்டுக்கு மாற்றும். 12 இலக்க ஆதார் எண் 2.34568இ+11 போல் நிற்கும். அந்த நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரிவதுதான் கோப்பில் எழுதப்படும், மீதி இலக்கங்கள் போய்விடும், மீட்க வழியில்லை. 15 இலக்கத்துக்கு மேல் எக்செல் நினைவில் வைப்பதே இல்லை. 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் சுழியாகும். அடையாள எண், கணக்கு எண் எல்லாம் எண்களே அல்ல, எழுத்துகள். கட்டத்தை ‘டெக்ஸ்ட்’ ஆக்கிய பிறகு ஒட்டுங்கள், ஒட்டிவிட்டு ஆக்காதீர்கள்.

மாதிரிக் குறியீட்டில் எண், ‘இ’, எண் என்ற வரிசை வந்தாலும் இதே ஆபத்து. ஐந்தாம் தொட்டி, கிழக்குப் பக்கம், பன்னிரண்டாம் மாதிரி என்று 5இ12 பெயர் வைத்தால் எக்செல் அதை ஐந்து லட்சம் கோடி ஆக்கிவிடும். பெயர் வைக்கும்போதே முதல் எண்ணுக்கும் ‘இ’க்கும் நடுவில் ஒரு கோடு போடுங்கள் (‘இ’க்குப் பின் மட்டும் போட்டால் அது குறை அடுக்காகிவிடும்). மைக்ரோசாஃப்ட் 365இன் புதிய பதிப்புகளில் ‘ஆப்ஷன்ஸ்’, ‘டேட்டா’ பகுதியில் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதி உண்டு. ஆனால் உங்கள் கோப்பைத் திறக்கும் அடுத்தவர் கணினியில் அது நிறுத்தப்பட்டிருக்கும் என்று எண்ணக் கூடாது.

8. தாளில் ஏறும்போது

அறிக்கையில் ‘இ’ வடிவம் வேண்டாம், ‘× 10⁻⁵’ வேண்டும் என்றால், லேடெக்கில் ‘எஸ்ஐ யூனிட்ஸ்’ தொகுப்பின் ‘நம்’ கட்டளைக்கு ‘இ’ வடிவத்தையே கொடுக்கலாம், அதுவே மாற்றிக்கொள்ளும். இணையப் பக்கத்தில் மேலெழுத்துக்கான ‘சப்’ குறிச்சொல். யூனிகோட் மேலெழுத்துகளை நேரடியாகப் போடலாம். ஆனால் ¹ ² ³ மூன்றும் ஓரிடத்திலும் மற்ற இலக்கங்கள் வேறிடத்திலும் குறியேற்றம் பெற்றவை. சில தமிழ் எழுத்துருக்களில் முதல் மூன்று மட்டும் இருக்கும், மீதி கட்டமாகத் தெரியும்.

வரைபடத்தில் மேட்பிளாட்லிப் (பைதானின் வரைபட நூலகம்) அடுக்கைத் தனியே எடுத்து அச்சின் நுனியில் 1இ6 என்று சின்னதாக வைக்கும். படத்தை வெட்டி ஒட்டும்போது அது போய்விட்டால் எல்லா மதிப்பும் பத்து லட்சம் மடங்கு குறைந்துவிடும். அலகை மாற்றி அச்சின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

டிடிபி கடையில் தமிழ் அறிக்கை அடிக்கக் கொடுப்பவர்களுக்கு: பாமினி எழுத்துருவில் ஆங்கில ‘இ’யின் இடத்தில் ‘ந’ இருக்கிறது. முழுப் பக்கத்தையும் தேர்ந்தெடுத்து பாமினிக்கு மாற்றினால் 3.846இ-05 என்பது 3.846ந-05 ஆகும். இலக்கங்கள் சரியாகவே இருப்பதால் பிழைதிருத்துபவர் கண்ணில் படாமல் நழுவும். யூனிகோட்டில் அடிக்கச் சொல்லுங்கள். முடியாதென்றால் அட்டவணைகளைத் தனிப் பிடிஎஃப்பாகக் கொடுத்து, படமாக வைக்கச் சொல்லுங்கள். அச்சுக்குப் போகும் முன் ஒரு நகல் கேட்டு வாங்க ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

9. ஒப்படைக்கும் முன் ஓட்டிப் பார்க்க வேண்டிய எண்கள்

உங்கள் அச்சிடும் பகுதிக்கு இவற்றை மட்டும் கொடுத்துப் பாருங்கள். ‘.3இ’ வடிவத்தில் சி-யும் பைதானும் தர வேண்டியது பக்கத்தில்:

0 → 0.000இ+00
குறைக் குறியோடு 0.0 → -0.000இ+00 (இந்தக் குறி அறிக்கையில் வரக் கூடாது, அச்சிடும் முன் 0.0ஐக் கூட்டினால் போய்விடும்)
1000 → 1.000இ+03
9.9996 → 1.000இ+01
150000 → 1.500இ+05
-0.00003846 → -3.846இ-05
பத்தின் நூறாம் அடுக்கு → 1.000இ+100

கடைசி வரியில் நெடுவரிசை ஓர் எழுத்து தள்ளி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அகலத்தைக் கூட்ட வேண்டும். பிறகு அதே வெளியீட்டைக் கோப்பில் எழுதி, அடுத்த மென்பொருளில் ஏற்றி, அங்கிருந்து திரும்ப அச்சிட்டு, முதல் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எக்செல் நடுவில் வருமானால் அதையும் இந்தச் சுற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள். மொழியின் பதிப்பு மாறினாலும் கணினி மாறினாலும் இந்த அரை மணி வேலையைத் திரும்பச் செய்யுங்கள். பட்டியலையும் அதன் சரியான விடையையும் நிரல் இருக்கும் அதே கோப்புறையில் வைத்துவிட்டால், உங்களுக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருபவரும் அதை ஓட்டிப் பார்க்கலாம்.